பாளையில் 13,000, மாலில் 18,500, தி.நகரில் 15,000: கேஷியர் சம்பளத்தை எப்படி ஒப்பிடுவது?

முன்னீர்பள்ளம்_மாமா

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். அக்கா மகளுக்கு வேலை விஷயமா கேக்குதேன். பி.காம். முடிச்சிருக்கா, டேலி (கணக்கு எழுதுற சாஃப்ட்வேர்) தெரியும், பில்லிங் கவுண்டர்ல ரெண்டு வருஷ அனுபவம் உண்டு. வீடு முன்னீர்பள்ளத்தில.

இப்போ மூணு இடத்தில வரச் சொல்லுதாங்க. ஒண்ணு, பாளையங்கோட்டையில ஒரு சூப்பர் மார்க்கெட். மாசம் 13,000. காலையில 9.30-க்குப் போனா ராத்திரி 8.30 வரை. சாப்பாட்டுக்கும் டீக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் இடைவேளை, வாரத்தில ஒரு நாள் லீவு. ரெண்டாவது, சென்னையில ஒரு மாலுக்குள்ள இருக்கிற கடை. 18,500. ஷிப்ட் ஒன்பது மணி நேரம், அதில அரை மணி இடைவேளை, வாரம் ஒரு நாள் லீவு. தங்குறது, சாப்பாடு எல்லாம் நம்ம பொறுப்பு. மூணாவது, தி.நகர்ல ஒரு ஜவுளிக்கடை. 15,000. தங்குமிடமும் மூணு வேளைச் சாப்பாடும் கடையே குடுக்கும். ஆனா காலை 10 மணியில இருந்து ராத்திரி 10.30 வரை வேலை, நடுவில ஒன்றரை மணி நேரம் இடைவேளை, மாசத்துக்கு ரெண்டு நாள்தான் லீவு.

மூணிலயும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டுன்னு சொல்லுதாங்க. பாளைக் கடையில கல்லா குறைஞ்சா சம்பளத்தில பிடிப்போம்னு இப்பவே சொல்லிட்டாங்க. வீட்டில எல்லாரும் 18,500-ஐத்தான் பாக்குதாங்க. இதை எப்படி ஒப்பிடணும்? ஊருக்கு ஊர் ஏன் இவ்வளவு மாறுது? விவரம் தெரிஞ்சவங்க கணக்கோட சொல்லுங்க.

வண்ணாரப்பேட்டை_கணக்கு

சொல்ற சம்பளத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க. மூணு எண் வேணும்: கையில எவ்வளவு வரும், மாசக் கடைசியில எவ்வளவு மிஞ்சும், ஒரு மணி நேர உழைப்புக்கு எவ்வளவு கிடைக்குது.

முதல்ல பிடித்தம். பி.எஃப். நம்ம பங்கு 12 சதவீதம், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் (விலைவாசிக்காகத் தர்ற படி) சேர்ந்த தொகையில. இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 21,000 வரை சம்பளம் வாங்குறவங்களுக்கு. அடிப்படையும் பஞ்சப்படியும் எவ்வளவுன்னு நீங்க சொல்லலை. பாளைக்கும் தி.நகருக்கும் 12,000, மாலுக்கு 15,000-ன்னு வச்சுப் போடுதேன். ஆஃபர் லெட்டர் வந்ததும் எண்ணை மாத்திக்கிடுங்க.

பாளை: 13,000-ல பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 98 போக 11,462.
மால்: 18,500-ல பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 139 போக 16,561.
தி.நகர்: 15,000-ல பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 113 போக 13,447.

இதுபோக தொழில்வரி அரையாண்டுக்கு ஒரு தடவை வரும். அதிகபட்சம் 1,250. அந்த மாசம் சம்பளம் குறைஞ்சிட்டேன்னு பதற வேண்டாம்.

அடுத்தது செலவு. நான் போடுற எண்கள் மாதிரிக்குத்தான், உங்க எண்ணைப் போட்டுத் திருத்திக்கிடுங்க. பாளை வேலைக்கு டவுன் பஸ் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனா 8.30-க்குக் கடை அடைச்சு, கல்லா எண்ணி ஒப்படைச்சு வெளிய வர ஒன்பது ஆகும். அதுக்கு மேல முன்னீர்பள்ளம் பக்கம் பஸ் விட்டு விட்டுத்தான் வரும். சில ராத்திரி ஷேர் ஆட்டோவுக்கு 600 ஒதுக்குங்க. டீ, நொறுக்குக்கு ஒரு நாளைக்கு 30 வீதம் 26 நாளைக்கு 780. போன் 300, மத்த கைச்செலவு 1,000. வீட்டில சாப்பிடுறதுக்கும் ஒரு விலை போடணும். நிறைய பேர் அதைப் பூஜ்யம்னு போட்டு ஏமாறுதாங்க. 2,500 வச்சா மொத்தம் 5,180. மிச்சம் 6,282.

மால் வேலைக்கு, மூணு பேர் தங்குற லேடீஸ் ஹாஸ்டல்ல சாப்பாட்டோட 7,500-ன்னு வச்சுக்குவோம். உள்ளூர் ரயில், பஸ்சுக்கு 300, போன் 300, டீ ஒரு நாளைக்கு 40 வீதம் 1,040, சோப்பு சலவை 800, மத்த செலவு 1,000. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்துபோக 900, அதாவது மாசத்துக்கு 450. நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஸ்லீப்பர் ஒரு வழிக்கு நானூறு ரூபாயை ஒட்டி வரும். மொத்தம் 11,390. மிச்சம் 5,171.

தி.நகருக்கு ஹாஸ்டலும் உள்ளூர்ப் பயணமும் கிடையாது. மத்ததெல்லாம் அதே கணக்கு, 3,590. மிச்சம் 9,857.

ஆக மிச்சத்தில முதலிடம் 15,000 சம்பளம், ரெண்டாவது 13,000, கடைசி 18,500. ஆனா நேரத்தைப் போட்டா கதை மாறும். பாளையில ஒரு நாளைக்கு 10 மணி நேரம், 26 நாள், 260 மணி. மாலில எட்டரை வீதம் 221. தி.நகர்ல 11 வீதம் 28 நாள், 308. கையில வர்றதை மணியால வகுத்தா பாளை 44, மால் 75, தி.நகர் 44. மால் வேலையில மிஞ்சுற பணம் குறைவு, மிஞ்சுற நேரம் அதிகம். அந்த நேரத்தில ஒரு கோர்ஸ் படிக்கவோ வங்கித் தேர்வுக்குத் தயாராகவோ போறாளா, இல்லை வீட்டுக்குப் பணம் அனுப்புறதுதான் இப்போ முக்கியமா? அதை அவளே சொல்லணும்.

தொழிலாளர்_பக்கம்

வண்ணாரப்பேட்டையார் கணக்கில் ஒரு திருத்தம். பி.எஃப். பிடித்தம் செலவு அல்ல, சேமிப்பு. நம் 12 சதவீதம் அப்படியே நம் கணக்கில் ஏறும். முதலாளி போடும் 12-ல் 8.33 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும், 3.67 நம் பி.எஃப்.-இல் சேரும். பாளைக்கும் தி.நகருக்கும் அது மாதம் சுமார் 1,880, மாலுக்கு 2,350. இதைச் சேர்த்தால் மிச்சம் பாளை 8,162, மால் 7,521, தி.நகர் 11,737. வரிசை மாறாது, இடைவெளி மாறும். வேலை மாறினாலும் அதே யு.ஏ.என். எண்ணையே (பி.எஃப்.-க்கான நிரந்தர எண்) கொடுக்க வேண்டும். புதிதாக ஒன்று போட விட்டால் பழைய பணத்தை இணைக்க அலைய நேரும்.

மால் கடையிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: 18,500 என்பது மொத்தச் சம்பளமா, நிறுவனத்துக்கு ஆகும் செலவா? சங்கிலிக் கடைகள் பெரும்பாலும் சி.டி.சி. கணக்கில் பேசும். அதற்குள் முதலாளியின் பி.எஃப். பங்கு 1,800-ம் இ.எஸ்.ஐ. பங்கு 3.25 சதவீதமும் அடங்கியிருந்தால், மொத்தச் சம்பளம் 16,200-க்குக் கீழே இறங்கி, கையில் வருவது 14,250 ஆகிவிடும். மேலே சொன்ன 5,171 மிச்சம் மூவாயிரத்துக்கும் கீழே போய்விடும்.

இப்போது வேலை நேரம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஓவர்டைமோடு சேர்த்தும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். இடைவேளையையும் சேர்த்து ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஆளைக் கடையில் வைத்திருக்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு முழு நாள் விடுமுறை.

இதை வைத்துப் பாருங்கள். பாளைக் கடை வாரத்துக்கு 60 மணி வாங்குகிறது. மாதத்துக்கு 208 மணி (8 மணி வீதம் 26 நாள்) போக மீதி 52. 13,000-ஐ 208-ஆல் வகுத்தால் மணிக்கு 62.50, இரட்டிப்பாக 125. அந்த 52 மணிக்கு 6,500 ரூபாய் தர வேண்டும். தி.நகர் கடையில் கூடுதல் மணி 100. அதற்கு ஏறக்குறைய 14,400 வரும். இலவசத் தங்குமிடம், இலவசச் சாப்பாடு என்கிறார்களே, அவற்றின் விலை இந்த நூறு மணி நேரத்தில் இருக்கிறது. 10 மணி முதல் 10.30 வரை என்பது பன்னிரண்டரை மணி நேரம். மாதம் இரண்டு நாள் விடுமுறை என்பதும் சட்டத்துக்குப் பொருந்தாது. பணம் மிஞ்சும் வேலை அதுதான் என்பதை மறுக்கவில்லை. எதைக் கொடுத்து மிஞ்சுகிறது என்பது தெரிந்து போகட்டும்.

பெண் என்பதால் இன்னொன்றும் உண்டு. கடைகள் வருடம் முழுவதும் திறந்திருக்க அரசு கொடுத்த அனுமதியின் நிபந்தனைகளில், இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்க எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும், பாதுகாப்பும் போக்குவரத்து ஏற்பாடும் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. பாளைக் கடையிடம் இதைச் சொல்லியே இரவு வண்டி கேட்கலாம். வண்டி இல்லையென்றால் 7.30-க்குக் கவுண்டரை மூடி அனுப்பச் சொல்லலாம்.

உட்கார நாற்காலி இருக்கிறதா என்றும் நேரில் போய்ப் பாருங்கள். 2021-இல் இந்தச் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். பத்து மணி நேரம் நின்றபடி பில் போட்டால் காலும் இடுப்பும் என்ன ஆகும் என்பது கவுண்டரில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். இருக்கை இருந்தும் உட்கார விடாத கடை உண்டு. அதனால் கூட்டம் குறைவான பிற்பகல் 3 மணிக்குப் போய்ப் பாருங்கள்.

இசட்_ரிப்போர்ட்

சம்பளம், வாடகை எல்லாம் சொல்லிட்டாங்க. கேஷியருக்கு மட்டும் உள்ள ஒரு செலவை யாரும் தொடலை. கல்லா ஷார்ட்டேஜ். மாசம் 800 ரூபாய் பிடிச்சா அது சம்பளத்தில 800 குறைஞ்ச மாதிரிதான். ஊர் எதுவா இருந்தாலும் இதைக் கேக்காம சேரக் கூடாது.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, கணக்குக் காட்ட வேண்டிய பணம் குறைஞ்சா பிடிக்கலாம். ஆனா அந்தக் குறை அந்த ஊழியரோட கவனக்குறைவால நேரடியா வந்ததா இருக்கணும். பிடிக்கிறதுக்கு முன்னாடி அவங்க விளக்கத்தைக் கேட்கணும். குறைஞ்ச தொகைக்கு மேல ஒரு ரூபாய் பிடிக்க முடியாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில பாதியைத் தாண்டக் கூடாது. ஒரே கல்லாவில மூணு பேர் மாறி மாறி உக்காந்துட்டு, கடைசியா இருந்த பிள்ளை தலையில கட்டுறது செல்லாது.

அதனால கேக்க வேண்டியது இதுதான். ஒரு ஷிப்டுக்கு ஒரே ஆள், ஒரே டிராயர், ஒரே பாஸ்வேர்டா? காலையில டிராயர் குடுக்கும்போது எண்ணிக் கையெழுத்து உண்டா? சில்லறை இருப்பு 3,000-ன்னா, பத்து ரூபாய் 80, இருபது 40, ஐம்பது 16, அஞ்சு ரூபாய்க் காசு 80, ரெண்டு ரூபாய் 70, ஒரு ரூபாய் 60-ன்னு சீட்டில எழுதி ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும். ‘மூவாயிரம் இருக்கு, வச்சுக்கோ’ன்னு சூப்பர்வைசர் நீட்டினா வாங்கக் கூடாது. எண்ணாம வாங்குன காசுக்குத்தான் ராத்திரி பதில் சொல்ல வேண்டியிருக்கும். சாப்பாட்டுக்கு எழுந்தா டிராயரைப் பூட்டிச் சாவி கையில இருக்கணும். பில் கேன்சல் பண்ற பாஸ்வேர்ட் யார் யார்கிட்ட இருக்குன்னும் கேளுங்க. கேன்சல் ஆன பில் ஒவ்வொண்ணுக்கும் பிரிண்ட் எடுத்துக் காரணம் எழுதி வைக்கணும்.

குறை வந்தா அழுது நிக்காம, தொகையைப் பாத்தே பாதி கண்டுபிடிக்கலாம்.

180 குறைஞ்சா, இருபது ரூபாய் நோட்டுக்குப் பதில் இருநூறைக் குடுத்திருக்கு, இல்லைன்னா இருபதை வாங்கி இருநூறுன்னு போட்டிருக்கு. புது இருபது மஞ்சளும் பச்சையும் கலந்தது, இருநூறு நல்ல மஞ்சள். வெள்ளை எல்.இ.டி. வெளிச்சத்தில மடிச்ச நோட்டு ரெண்டும் ஒண்ணு போல இருக்கும். டிராயர்ல ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துக் குழியில வைக்காதீங்க, நடுவில ஐம்பதை வைங்க.

வித்தியாசம் ஒன்பதால மீதியில்லாம வகுபட்டா, எண் இடம் மாறி விழுந்திருக்கான்னு பாருங்க. 540-ஐ 450-ன்னு அடிச்சா 90 வரும். நோட்டு எண்ணிக்கைச் சீட்டில அடிக்கடி நடக்கிற தப்பு இது.

கேஷ் எவ்வளவு குறையுதோ அதே தொகை யு.பி.ஐ.-ல கூடுதலா இருந்தா பணம் எங்கயும் போகலை. வாடிக்கையாளர் ஸ்கேன் பண்ணிக் குடுத்ததை ‘கேஷ்’னு பில் போட்டிருக்கு, அவ்வளவுதான். கார்டுக்கும் இதே மாதிரி. அதனால கல்லா எண்ணுறதுக்கு முன்னாடி கார்டு மெஷின் செட்டில்மென்ட் சீட்டும் யு.பி.ஐ. மொத்தமும் எடுத்து வச்சுக்கிடணும்.

வித்தியாசம் இரட்டைப்படையா இருந்தா அதைப் பாதியாக்கிப் பாருங்க. டீக்கும் ஆட்டோவுக்கும் குடுத்த 250-க்கான வவுச்சரைக் கழிக்கிறதுக்குப் பதில் கூட்டினா 500 வித்தியாசம் நிக்கும்.

இதிலெல்லாம் அகப்படாத தொகைன்னா ரிட்டர்னைப் பாருங்க. பொருளை வாங்கி வச்சுட்டுப் பணத்தைத் திருப்பிக் குடுத்து, ரிட்டர்ன் பில் போட மறந்திருக்கும்.

இன்னொரு பெரிய ஓட்டை, போன் திரையைக் காட்டிட்டுப் போறவங்க. பணம் போன மாதிரியே படம் காட்டுற போலி ஆப் இருக்கு. சவுண்ட் பாக்ஸ் சத்தம் கேக்கணும், இல்லைன்னா கடை ஆப்ல 12 இலக்கப் பரிவர்த்தனை எண் ஒத்துப் போகணும். அதுக்கு முன்னாடி பையைக் குடுக்கக் கூடாது. தீபாவளிக் கூட்டத்தில ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில ‘போட்டாச்சு, போட்டாச்சு’ன்னு சொல்லும்போது தொகை கேட்ட சத்தத்தை வச்சு மட்டும் விடாதீங்க, ஒரே தொகைக்கு ரெண்டு பில் இருக்கும். இதுக்குத் தனி ஆள் போடுற கடைக்கும், எல்லாம் கேஷியர் தலையிலன்னு விடுற கடைக்கும் மாசம் நூறு ரூபாய் சம்பள வித்தியாசம் இல்லாம இருக்கலாம். பிடித்தத்தில பெரிய வித்தியாசம் இருக்கும்.

பத்து ரூபாய்க் காசு வாங்க மாட்டேன்னு சில பேர் சண்டைக்கு வருவாங்க. அது செல்லும் காசு. டிராயர்ல தேங்கினா குறையில்லை, எண்ணிச் சேர்த்துக்கிடுங்க.

மேலரதவீதி

ஊருக்கு ஊர் ஏன் மாறுதுன்னு கேட்டீங்கல்லா, அதுக்கு மட்டும் சொல்லுதேன்.

அரசு சொல்லுற குறைந்தபட்சச் சம்பளத்தில பஞ்சப்படி இருக்கு பாத்தீங்களா, அது தமிழ்நாடு முழுக்கச் சென்னை நகர விலைக் குறியீட்டை வச்சுத்தான் ஒவ்வொரு ஏப்ரல் 1-ம் ஏறும். பாளையில இருக்கிற கடைக்கும் அதே சென்னைக் குறியீடுதான். அதனால அடித்தளம் ஊருக்கு ஊர் பெரிசா விலகாது. வாடகை மட்டும் விலகும். சென்னையில சம்பளம் பாளையைப் போல ஒன்றரை மடங்குன்னு வச்சாலும், தனி அறை வாடகை ஒன்றரை மடங்கில நிக்காது. அட்வான்ஸும் அப்படித்தான், பல மாச வாடகையை மொத்தமா முன்னாடியே கேப்பாங்க. வீட்டை விட்டுப் போற ஆளுக்குச் சென்னைச் சம்பளம் பத்தாமப் போறதுக்கு இதுதான் காரணம். குடிதண்ணியும் அப்படி. இங்க தாமிரபரணித் தண்ணி குழாயில வருது, அங்க கேன் வாங்கணும். ஹாஸ்டல் கட்டணத்தில தண்ணிக் கேனும் கரண்டும் சேர்ந்திருக்கான்னு கேட்டுக்கிடுங்க. வீட்டு மின் இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். ஹாஸ்டல்ல யூனிட்டுக்கு இவ்வளவுன்னு அவங்க போடுறதுதான் விலை.

ரெண்டாவது காரணம் நம்ம ஊர்க் கடை அமைப்பு. டவுண்லயும் ஜங்ஷன்லயும் பாதிக் கடையில கல்லாவில முதலாளியே உக்காருவாரு, இல்லைன்னா மச்சினனோ மகனோ இருப்பாங்க. வெளியாளுக்குப் பில் போடுற வேலை மட்டும்தான். பணம் வாங்குற வேலைக்கு ஆள் தேவை குறைவு, படிச்ச பிள்ளைங்க அதிகம். சம்பளம் எப்படி ஏறும்? ஆனா ஒரு கடையில அஞ்சாறு வருஷம் நம்பிக்கையா இருந்தா, ஸ்டோர் பொறுப்பு, பேங்க் வேலை, கொள்முதல் கணக்குன்னு கை மாறும். அப்போ வர்ற சம்பளம் கேஷியர் சம்பளம் இல்லை. புது ஊருக்குப் போனா அந்த நம்பிக்கை மறுபடி ஒண்ணுல இருந்து தொடங்கும். எந்தக் கணக்கிலயும் இது வராது, ஆனா பெரிய விஷயம். அதே மாதிரி, அஞ்சு வருஷம் முடிஞ்சா கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. கடைசிச் சம்பளத்தை 26-ஆல வகுத்து, 15-ஆல பெருக்கி, எத்தனை வருஷமோ அதால பெருக்கணும். நாலு வருஷத்தில கடை மாறினா அது போச்சு.

தி.நகர் ஜவுளிக்கடைங்க ஏன் சோறும் இடமும் குடுக்குதுன்னா, அந்தக் கடைகளுக்கு ஆளே நம்ம திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில இருந்துதான் காலங்காலமா போகுது. இடம் குடுக்காம இந்தச் சம்பளத்துக்கு அங்க யாரும் நிலைக்க முடியாதுன்னு முதலாளிக்கே தெரியும்.

கோயம்புத்தூர், திருப்பூர்ல சம்பளம் கூட இருக்குன்னா, அங்க மில்லும் பனியன் கம்பெனியும் அதே ஆளைக் கேக்குது. கடைக்காரர் போட்டி போட்டுக் குடுக்க வேண்டியிருக்கு. இங்க அந்தப் போட்டி கிடையாது. தென்காசிப் பக்கம் குற்றாலத்தில சாரல் விழுற ஜூன், ஜூலை, ஆகஸ்ட்ல மட்டும் கேஷியருக்குத் தினக்கூலி நல்லாக் கிடைக்கும், அதை வச்சு வருஷம் ஓட்ட முடியாது. பெங்களூர் போறவங்க ஒண்ணு கவனிக்கணும்: அங்க பெண்களுக்குப் பஸ் இலவசம்னாலும் அது கர்நாடக முகவரி உள்ளவங்களுக்குத்தான். நம்ம ஆதாரைக் காட்டினா டிக்கெட் எடுக்கணும். சென்னையில சாதாரணக் கட்டண பஸ்ல எந்தக் கார்டும் கேக்க மாட்டாங்க.

ஊருக்கு வர்ற செலவை 900-ன்னு போட்டது சாதாரண நாளுக்குச் சரி. ரயில் டிக்கெட் முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடி திறக்குது. கடைக்காரங்க தீபாவளி லீவை அவ்வளவு முன்னாடி சொல்றதே இல்லை. முந்தின நாள் ராத்திரி வரைக்கும் கல்லாவில உக்கார வைப்பாங்க. அப்புறம் ஆம்னி பஸ்தான், அதுக்கு அவங்க சொல்றதுதான் விலை. வருஷத்துக்கு தீபாவளி, பொங்கல் ரெண்டுக்கும் தனியா எடுத்து வைங்க.

முன்னீர்பள்ளம்_மாமா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வண்ணாரப்பேட்டை அண்ணாச்சி கணக்கைத் தாளில எழுதிக் காட்டினேன். மாலுக்குப் போன் போட்டுக் கேட்டோம், 18,500 சி.டி.சி.-ன்னுதான் சொன்னாங்க. தி.நகர் நேரம் அவளுக்கு வேண்டாமாம். பாளைக்கு மனசு சாயுது. ஆனா 13,000 குறைவுன்னும் தோணுது. அதை எப்படிப் பேசிக் கூட்டுறது? மால் வேலையை முழுசா விட்டுடலாமா?

வண்ணாரப்பேட்டை_கணக்கு

மாலை உடனே விட வேண்டாம். தாம்பரம் சானடோரியத்தில வேலைக்குப் போற பெண்களுக்காக அரசு நடத்துற தோழி விடுதி இருக்கு. அங்க இடம் கிடைக்குதா, கட்டணம் எவ்வளவுன்னு முதல்ல கேளுங்க. மால் எந்தப் பக்கம்னு பாத்துக்கிட்டு, கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் பாதைக்குப் பக்கம்னா மாச சீசன் டிக்கெட் எடுத்தாப் போதும். தங்குற செலவு 7,500-ல இருந்து ரெண்டாயிரம் இறங்கினாத்தான் சி.டி.சி. கணக்கிலயும் மால் வேலை தாங்கும். இறங்கலைன்னா விட்டுடுங்க.

பாளையில சம்பளத்தைக் கூட்டச் சொல்லி நின்னா, ‘எல்லாருக்கும் இதுதான்’னு சொல்லுவாங்க. நேரத்தைப் பேசுங்க. 8.30-க்குப் பதில் 7.30-க்குக் கல்லாவை ஒப்படைக்க விட்டா, மாசம் 26 மணி குறையும். மொத்தம் 234. கையில வர்ற அதே 11,462-க்கு மணிக்கு 49 ஆயிடும், ஷேர் ஆட்டோ 600-ம் மிஞ்சும். வாரத்துக்கு 54 மணிக்குள்ளயும் வந்திடும். கடைக்கும் சட்டச் சிக்கல் குறையுது, அதனால ஒத்துக்கிட வாய்ப்பு உண்டு.

டேலி தெரியும்னு சொன்னீங்கல்லா? கொள்முதல் பில் பதிவையும் ஜி.எஸ்.டி. கணக்குக்குத் தாள் எடுத்துக் குடுக்குறதையும் பிற்பகல்ல கூட்டம் இல்லாத நேரத்தில பாக்கேன்னு சொல்லச் சொல்லுங்க. வெளிய ஒரு கணக்கருக்கு அவங்க தனியா காசு குடுத்துட்டு இருப்பாங்க. கேஷியருக்கு 1,500 கூட்டித் தரத் தயங்குற முதலாளி, கணக்கு வேலைக்குத் தருவாரு.

தொழிலாளர்_பக்கம்

சேரும்போது இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: அடிப்படை, பஞ்சப்படி, மற்ற படிகள் தனித்தனியாக. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் சம்பளமாகவே கணக்காகும். பி.எஃப். குறைப்பதற்காக அடிப்படையை ஐயாயிரம் என்று போட்டுக் காட்டினால் இதைச் சொல்லுங்கள். தொழிலாளர் துறை இணையதளத்தில் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்களுக்கான நடப்பு ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பள அறிவிப்பு இருக்கும். அதிலுள்ள தொகைக்கு அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து குறையக் கூடாது.

போனஸ் உண்டா என்றும் கேளுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையென்றால் ஆண்டுக்குக் குறைந்தது 8.33 சதவீதம். புதுச்சேலை ஒன்றையும் இனிப்பு டப்பாவையும் போனஸ் என்று கொடுத்து முடித்துவிடும் வழக்கம் நம் பக்கம் இருக்கிறது.

ஓராண்டு முடிந்தால் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு, அதுபோகத் தற்செயல் விடுப்பு 12, நோய் விடுப்பு 12. குடியரசு தினம், மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு பண்டிகை விடுமுறை ஐந்து. அந்த நாளில் கவுண்டரில் இருக்கச் சொன்னால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு மாற்று விடுமுறை.

பி.காம். அசல் சான்றிதழைக் கடையில் ஒப்படைக்கச் சொன்னால் கொடுக்காதீர்கள். நகல் போதும். வேலையை விட்டால் இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கிச் சம்பளம் தர வேண்டும். ‘கல்லா டெபாசிட்’ என்று முதல் மாதச் சம்பளத்தை நிறுத்தி வைக்கும் கடையில் சேரவே வேண்டாம்.

இசட்_ரிப்போர்ட்

பாளைக் கடையில சேர்ந்தா, முதல் நாளே நூறு பக்க நோட்டு ஒண்ணு வாங்கிக் குடுத்திடுங்க மாமா. தேதி, ஓப்பனிங் (காலையில டிராயர்ல இருந்த காசு), இசட் ரிப்போர்ட் (பில் மெஷின்ல நாள் கடைசியில எடுக்கிற மொத்த விற்பனைச் சீட்டு) தொகை, எண்ணின கேஷ், கார்டு, யு.பி.ஐ., வவுச்சர், குறைஞ்சதா கூடினதா எவ்வளவு, ஒப்படைச்ச நேரம், வாங்குனவர் கையெழுத்து. ஒரு நாளைக்கு ஒரு வரி. கூடுற நாளையும் எழுதணும், அதை விட்டுடக் கூடாது. மாசக் கடைசியில ‘இவ்வளவு ஷார்ட்’னு கணக்கு வந்தா அந்த நோட்டைத் திறந்து பக்கத்தில வச்சாப் போதும். திங்கக்கிழமை 180 குறைஞ்சு, செவ்வாய்க்கிழமை 180 கூடியிருந்தா, ஒரே இருநூறு ரூபாய் நோட்டை முதல் நாள் சீட்டில இருபதா எண்ணிப் போட்ட வித்தியாசமாத்தான் பெரும்பாலும் இருக்கும்.